கணுக்கால் அளவுத் தண்ணீர்

ஆனந்தவல்லி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் மழைத் தண்ணீர் முதன்முதலாகப் படியேறி வந்த அன்று குமுதவல்லி அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சலசலவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள், அது நாலாவது படியில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, சரி வந்தாச்சு என்று உள்ளே திரும்பி, வருஷா வருஷம் செய்வதைப் போலவே அரிசி டப்பாவைப் பரணிலும் துணி மூட்டையைக் கட்டில் மேலும் ஏற்றிவிட்டு, ரசம் பொங்கி வழிவதற்குள் ஓடிப்போய் இறக்கிவைத்தாள்.

அந்தத் தண்ணீர் அவளுக்குப் புதுசு இல்லை. அந்தத் தெருவில் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலை மேலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்படி ரோடு மேல் ரோடாக அஞ்சு ரோடு விழுந்ததில் தெரு மேடாகி வீடுகள் எல்லாம் பள்ளமாகிவிட்டன. கார்த்திகை பிறந்தால் தண்ணீர் தெருவிலிருந்து இறங்கி, குமுதவல்லியின் ஹாலில் கணுக்கால் அளவு வந்து நின்று, பொங்கல் வரைக்கும் இருந்துவிட்டுத் தானாகப் போகும். பதினேழு வருஷமாக இதுதான் வழக்கம். சுவரில் அது நிற்கும் இடத்தில் ஒரு பழுப்புக் கோடே விழுந்துவிட்டது.

அவள் புருஷன் தணிகாசலம் ஒரு டயர் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் எழுந்ததும் அன்றைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எழுதினபடி நடக்காவிட்டால் அந்த நாளைத்தான் குறை சொல்வாரே ஒழிய தாளைக் குறை சொல்ல மாட்டார், அப்படிப்பட்ட மனுஷன். ரிட்டயர் ஆன மறு மாசமே பெரிய சார்ட் ஒன்றில் வீட்டை வரைந்து பிளான் போட்டார். ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே மூன்றடி தூக்குவது, அடியில் செங்கல் தூண் கட்டுவது, வாசலுக்கு ஆறு படி, பின்கதவை நிரந்தரமாக அடைத்துவிடுவது. தண்ணி வர்றதுக்கு வழி ரெண்டு, ஒண்ணை அடைச்சாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது என்பது அவர் கணக்கு.

மேஸ்திரி முனிரத்தினம் ஆட்களோடு வந்தார், ஆவணி மாசத்தில் நூற்றிருபது ஜாக்கிகளைச் சுவருக்கு அடியில் சொருகி, எல்லோரும் ஒரே சமயத்தில் கால் திருகு கால் திருகாகத் திருப்ப, உள்ளே குமுதவல்லி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, வீடு ஒரு விரிசல் இல்லாமல் மூன்றடி எழும்பி நின்றது. தெருவே கை தட்டியது. அந்தக் கார்த்திகையில்தான் தண்ணீர் ஆறு படியும் ஏறி வந்து, வாசல்படியைத் தாண்டி, பீரோவுக்கு அடியில் போய், சரியாக அந்தப் பழுப்புக் கோட்டில் நின்றது.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். நாலு அங்குலம். போன வருஷமும் நாலு அங்குலம்.

"மூணு அடி பத்தல," என்றார்.

"பத்தலைங்களா, இல்ல பிளானே சரியில்லைங்களா?" என்றாள் குமுதவல்லி.

"பிளான்ல என்ன தப்பு? உயரம்தான் கம்மி."

இதில் ஆச்சரியப்பட வேண்டியவர்கள் தெருக்காரர்கள். அவர்கள் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அதற்கு அவர்களுக்கு நேரமில்லை; அன்றைக்கு எல்லோரும் வாளியும் துடைப்பமுமாக வீட்டுத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது, தள்ளின தண்ணீர் திரும்பி வராமல் தணிகாசலம் வீட்டுப் படியை நோக்கிப் போய் வரிசையில் நிற்பது போல நின்று ஒவ்வொன்றாக ஏறியதைப் பார்த்தார்கள், சாயங்காலத்துக்குள் தெரு காய்ந்துவிட்டதைப் பார்த்தார்கள், அதற்கப்புறம் என்ன ஆச்சரியம் வேண்டிக் கிடக்கிறது. நலச்சங்கச் செயலாளர் கிறிஸ்துதாஸ், கீழ்வீட்டில் புது சோபா போட்டு அது நனையாமல் ஒரு மழைக்காலம் கண்டவர், ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் அவசரக் கூட்டம் போட்டு, திரு. தணிகாசலம் அவர்களின் விடாமுயற்சியைச் சங்கம் பாராட்டுகிறது, தொடர்ந்து உயர்த்துமாறு கேட்டுக்கொள்கிறது என்று தீர்மானம் நிறைவேற்றி, பொன்னாடை ஒன்றையும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"நீங்க பின்வாங்கிடாதீங்க சார். உங்களை நம்பித்தான் தெருவே இருக்கு."

"நான் எதுக்கு பின்வாங்கப் போறேன்? அடுத்த வருஷம் ஆறடி," என்றார் தணிகாசலம். ஹாலில் கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டார். கிறிஸ்துதாஸ் தன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்.

ஆறடி ஆயிற்று, பன்னிரண்டு படி. தண்ணீர் பன்னிரண்டும் ஏறியது. ஒன்பதடி ஆயிற்று, பன்னிரண்டடி ஆயிற்று. ஒவ்வொரு ஆவணியிலும் முனிரத்தினம் ஜாக்கிகளோடு வந்தார், ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் கீழ்ப்படியில் வந்து நின்று, மேலே ஒரு தரம் பார்த்துவிட்டு, வயசானவர்கள் கோயில் மலை ஏறுவதைப் போல நிதானமாக நின்று நின்று ஏறியது. பக்கத்துத் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் படியில் நின்றுகொண்டிருந்தால், கொஞ்சம் தள்ளிக்குங்க, தண்ணி ஏறுது என்று சங்கத்து ஆட்கள் ஒதுக்கிவிடுவார்கள். வீட்டுக்கு அடியில் நல்ல நிழல் விழுந்ததால் முதலில் இஸ்திரி வண்டி வந்து நின்றது, அப்புறம் கேரம்போர்டு வந்தது, அப்புறம் பிள்ளையார் சதுர்த்திக்குத் தனியாகப் பந்தல் எதுக்கு என்று பிள்ளையாரே அங்கே வந்துவிட்டார். கொரியர்காரர் கீழே நின்று போன் போடுவார். காய்கறி வண்டி அலமேலு கூடையில் கயிறு கட்டித்தரச் சொல்லி, குமுதவல்லி மேலிருந்து கயிற்றை விட, கத்தரிக்காயும் கொத்தமல்லியும் மேலே போயின. ஏழு வருஷத்தில் அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகளிடம் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டால், தணிகாசலம் தாத்தா வீட்டுக்கு என்று மேலே கையைக் காட்டும்.

இதில் குமுதவல்லியின் முழங்காலைப் பற்றி யாரும் தீர்மானம் போடவில்லை. அது தேய்ந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒரே வார்த்தையில், படி ஏறாதீங்க என்று சொல்லிவிட்டார், டாக்டருக்கு என்ன, அவர் வீடு தரையில் இருக்கிறது. அவளுக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கத் தெரியாது. காலையில் வாசலில் கோலம் போட வேண்டும், அலமேலுவிடம் தக்காளியைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும், வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் உட்கார்ந்து நாலு பேரோடு பேச வேண்டும். பதினெட்டுப் படி ஆனபோது தினம் ஒரு தடவைதான் இறங்கினாள். முப்பது படி ஆனபோது வெள்ளிக்கிழமை மட்டும். நாற்பத்தெட்டு ஆனபோது அமாவாசைக்கு அமாவாசை. ஒன்பதாவது தடவை உயர்த்தி ஐம்பத்து நாலு படி ஆன பிறகு அவள் கீழே வந்தது ஒரே ஒரு முறை, தங்கை மகன் கல்யாணத்துக்கு, அதுவும் சங்கத்து ஆட்கள் நாலு பேர் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து உற்சவர் மாதிரி தூக்கிக்கொண்டு வர, தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது. அந்த நாற்காலியில் அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாள். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் ஒரு நல்லது, அவளுக்குத் தண்ணீரோடு பழக நிறைய நேரம் கிடைத்தது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தாள். ஹாலில் எது மிதந்தாலும், பிளாஸ்டிக் முறமோ பேப்பரோ பூஜை ரூமிலிருந்து வந்த பூவோ, எல்லாம் மெதுவாக ஒரே பக்கம் போய், அடைத்துவிட்ட பின்கதவு இருந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்து வாசல் பக்கம் போட்டாலும் மறுபடியும் அங்கேதான் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பழைய ஏரி. மிச்சமிருப்பது கோரைப்புல் முளைத்த ஒரு பள்ளம்தான், ஆனாலும் ஏரி.

ஒரு நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்ததும் சொன்னாள்.

"ஏங்க, அது நம்ம வீட்டுக்கு வரலைங்க. நம்ம வீட்டு வழியா போகப் பார்க்குது."

"எது?"

"தண்ணிதான். ஏரிக்குப் போற வழியில நாம வீட்டைக் கட்டி உக்காந்திருக்கோம். அந்தப் பின்கதவை உடைச்சு விட்டோம்னா அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போயிடும். பழையபடி வீட்டைக் கீழ இறக்கிக்கலாம். நானும் நாலு மனுஷங்க முகத்தைப் பார்ப்பேன்."

தணிகாசலம் சார்ட்டை எடுத்து விரித்துப் பார்த்தார். ஒன்பது தடவை அழித்து ஒன்பது தடவை உயரம் எழுதின இடம் கிழிந்தே போயிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு நிமிஷம் அவளுக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

"பிளான்ல பின்கதவு இல்ல," என்றார்.

"அதான் கேக்குறேன், போடுங்களேன்."

"ஒன்பது தடவை ஏத்தியாச்சு குமுதா. இப்போ போய் கதவைத் திறந்தா, அந்த ஒன்பதும் எதுக்குன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? இன்னும் ஒரே ஒரு மூணடி. அறுபது படி அது ஏறாது. எந்தத் தண்ணியாலயும் ஏற முடியாது."

குமுதவல்லி கோபக்காரி இல்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்னதற்கு எதிராக ஒரு காரியம் செய்தவள் இல்லை. அதனால்தான் அவள் மெதுவாகச் சொன்னபோது அவருக்கு அது காதில் ஏறவில்லை.

"இந்தத் தடவை ஏத்தினீங்கன்னா நான் இறங்கிடுவேன். இறங்கினா மறுபடி ஏற மாட்டேன். என்னால முடியாது."

"அடுத்த கார்த்திகைல நீயே சிரிப்ப பாரு," என்று தாளில் முனிரத்தினத்தின் போன் நம்பரை எழுதி சட்டைப் பையில் வைத்தார்.

பத்தாவது தடவை ஜாக்கிகள் வந்து இறங்கிய அன்று, காலைப் பலகாரம் முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலு புடவையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு குமுதவல்லி வாசலுக்கு வந்தாள். நாற்காலி கொண்டு வரட்டுமா அக்கா என்று கிறிஸ்துதாஸ் கீழேயிருந்து கேட்டார். வேண்டாம் என்றாள். மேல் படியில் உட்கார்ந்தாள், பையை ஒரு படி கீழே வைத்தாள், உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்கினாள், மறுபடி பையை வைத்தாள், மறுபடி இறங்கினாள், இப்படியே ஐம்பத்து நாலு படியையும் பின்பக்கத்தால் தேய்த்துக்கொண்டு அவள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது வீடுகளில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கீழ் போர்ஷன் ரோட்டுக்கு ரெண்டு படி கீழே இருந்ததால் யாரும் குடி வராமல் கிடந்தது. அதை வாடகைக்குப் பேசி வைத்திருந்தாள். உள்ளே போனதும் முதல் வேலையாகப் பின்கதவின் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டு, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தாள்.

மேலே வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலம் முனிரத்தினத்திடம், "ரெண்டு நாள்ல வந்துடுவா. நீங்க திருப்புங்க," என்றார். முனிரத்தினம் பத்து வருஷமாக அந்த வீட்டுக்குள் அந்த அம்மாள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தவர். அவள் போன பக்கம் பார்க்காமல் ஆட்களுக்குக் கை காட்டினார். வீடு ஒரு விரிசல் இல்லாமல் எழும்பியது.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. தெருவே குடை பிடித்துக்கொண்டு திரண்டது. அறுபது படிக்கு ஃபிளெக்ஸ் எல்லாம் கட்டியாகிவிட்டது. தண்ணீர் வந்தது, கீழ்ப்படியில் நின்றது, வழக்கம்போல மேலே பார்த்தது. ஏறவில்லை. ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றது. சங்கத்து ஆட்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கிறிஸ்துதாஸ் தண்ணீருக்கு முன்னால் போய் நின்று படியை நோக்கிக் கையைக்கூடக் காட்டினார். மறு நாள் காலையில் அது திரும்பி, பக்கத்து வீட்டு ரெண்டு படியில் இறங்கி, குமுதவல்லியின் வாசலில் நுழைந்து, ஹாலில் கணுக்கால் அளவு பரவி, கட்டிலுக்கு அடியில் புகுந்து, திறந்து கிடந்த பின்கதவு வழியாக வெளியேறி, ஏரிப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. மதியத்துக்குள் தெரு காய்ந்தது. கிறிஸ்துதாஸுக்கு உயிர் வந்தது. யார் வீடானால் என்ன, சோபா தப்பித்ததே. அறுபது படி கண்டு பயந்துவிட்டது என்று பாதித் தெரு சொன்னது, அந்த அம்மா இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறது என்று மீதித் தெரு சொன்னது, கதவு திறந்திருந்தது என்று அலமேலு மட்டும் சொன்னாள்.

குமுதவல்லி ஒரு நாற்காலியைப் போட்டு ஓடுகிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு இதமாக இருந்தது. அப்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"குமுதா, தண்ணி வரல. ஹால் காய்ஞ்சு இருக்கு. ஜெயிச்சுட்டோம்."

தெரு கை தட்டியது. அறுபது படி ஏற யாருக்கும் தெம்பில்லாததால் பொன்னாடையைக் காய்கறிக் கூடையில் வைத்துக் கயிற்றில் மேலே அனுப்பினார்கள். அவள் ஓடுகிற தண்ணீரில் காலை அளைந்துகொண்டிருந்தாள். இங்கிருந்து கத்தினால் அவ்வளவு உயரத்துக்குக் கேட்காது.

மறு நாள் காலையிலும் குரல் வந்தது: "இன்னைக்கும் வரல." அதற்கடுத்த நாள், "வரல குமுதா." நாலாம் நாள் வெறுமனே, "வரல." கை தட்ட ஆளில்லை, அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அஞ்சாம் நாள் குரல் வரவில்லை. சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, விழுந்து கிடக்கிறாரா என்று பத்து மணி வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அலமேலுவை அனுப்பிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

தணிகாசலம் இறங்கி வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். அஞ்சு நாள் தாடி. நேராக அவள் வாசலுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, ஓடுகிற தண்ணீரில் குடத்தைச் சாய்த்து நிரப்பினார்.

"என்ன பண்றீங்க?"

"ஹால் ரொம்ப காய்ஞ்சு கிடக்கு," என்றார். "நடந்தா சத்தம் வருது. என் காலடிச் சத்தமே யாரோ வர்ற மாதிரி இருக்கு. திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல."

குமுதவல்லிக்கு அந்த மனுஷனை அப்படியே பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துவிடலாம் போல இருந்தது.

"அதுக்கு?"

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "பிளான் போட்டுட்டேன். பதினாலுக்குப் பன்னிரண்டு ஹால். நாலு அங்குல உயரம். நூத்தி ஆறு குடம் ஊத்தினா பழைய கோட்டுக்கு வந்துடும். பழையபடி தண்ணி நின்னுச்சுன்னா நீயும் வந்துடுவ."

"நான் தண்ணிக்காகவா அங்க இருந்தேன்?"

தாளில் அது எழுதியிருக்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். அறுபது படி. நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி ஏறினார். மேலே போய் ஊற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி, ஒவ்வொரு படியாக இறங்கி, காலிக் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்த அவரைத் தாண்டி முன்னால் வந்து, அவள் வீட்டுக்குள் நுழைந்து பின்பக்கம் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து மறுபடியும் குடத்தை நிரப்பினார்.

மத்தியானம் வரை இப்படியே நடந்தது. கேரம்போர்டு ஆடுகிறவர்கள் முதலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். குமுதவல்லி உள்ளே போய் அவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாகக் காப்பி கலந்து டம்ளரில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவர் குனிந்து குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க," என்றாள். "இங்கேயும் தண்ணி இருக்கு. கணுக்கால் அளவுதான் இருக்கு. நானும் இருக்கேன். உள்ள வந்து உக்காருங்க, காப்பி ஆறுது."

தணிகாசலம் தன் காலைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே அவள் வாசல்படிக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார், தண்ணீர் அவர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. காப்பி டம்ளரைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார், அவள் இறங்கி வந்த பிறகு முதல் தடவையாக. கண் நிறைந்துவிட்டது.

"வரேன் குமுதா," என்றார். "இதோட ஒன்பது குடம் ஆச்சு. இன்னும் தொண்ணூத்தி ஏழுதான்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் காலை வைத்தார். குமுதவல்லி டம்ளரைத் தட்டால் மூடி ஜன்னலில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பத்தாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, போன தடவை ஊற்றின தண்ணீர் அவரைத் தாண்டி இறங்கி வந்து அவள் வாசலுக்குள் நுழைந்தது. அவள் காலை ஒதுக்கி அதற்கு வழி விட்டாள்.